உள்ளே விட்ட பழம்

காலையில் கழிவறைக்குள் போனவன் அலறிக்கொண்டு வெளியே வந்தேன். சிறுநீர் செக்கச்செவேலென்று ரத்தமாகப் போயிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், எதற்கும் அசராதவன் என்று ராயபுரம் முழுக்கப் பீற்றிக்கொண்ட இந்தக் கஸ்பார், கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

என் மனைவி ஜானட் எட்டிப் பார்த்தாள். பதறவில்லை. ஆஸ்பத்திரி அப்புறம், முதலில் பாதரைக் கூப்பிடு, சாவதற்குள் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். ஓடிப்போய்ப் பாதரோடு பாதித் தெருவையும் கூட்டிவந்தாள்.

பெரிய பாவத்தை முந்தின நாள்தான் செய்திருந்தேன். எங்கள் மகள் ரூத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட வியாசர்பாடிப் பையன் மதி, என்னிடம் பேச டிராகன் பழக் கூடையோடு வந்தான். சர்ச்சுக்கு வராதவனுக்குப் பெண் கிடையாது என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். பழத்தை மட்டும் உள்ளே விட்டேன்.

மெக்சிகோ பக்கத்துக் கள்ளிச்செடியில் காய்ப்பது, பூ ஒரே ராத்திரிதான் விரியும், வியட்நாமிலிருந்தெல்லாம் கப்பலில் வரும் என்று ஜானட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டே தின்றேன். அவள் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. அத்தனையையும் நறுக்கி நறுக்கி என் தட்டிலேயே போட்டாள். என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதர் தைலம் பூசினார். அக்கம்பக்கத்தார் முழங்காலில் நின்றார்கள். எல்லோர் முன்னாலும் ரூத்தின் கையைப் பிடித்தேன்.

"அந்த மதியையே கட்டிக்கோம்மா. மாதா மேல சத்தியம்."

ரூத் தேம்பித் தேம்பி அழுதாள். என்னை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் நாக்கைப் பார்த்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். உள்ளே சிவப்பாக இருக்கும் டிராகன் பழத்தை நிறையத் தின்றால் மறுநாள் சிறுநீர் இப்படித்தான் போகுமாம். பயப்பட ஒன்றுமில்லையாம்.

ஆட்டோவில் எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாதர் முன்னால் சத்தியம் செய்தாயிற்று, இனி வார்த்தை மாறினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"அந்தப் பையன் வெள்ளப் பழமா வாங்கினு வந்திருந்தா எனக்கு இந்தப் பேஜாரே கெடையாது," என்றேன்.

ஜானட் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவன் வெள்ளதான் வாங்கறேன்னான். நான்தான் செவப்பா பாத்து வாங்கியாரச் சொன்னேன்."