கார்டு இல்லாத கேமரா

கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கேமராக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியது கல்யாண வீட்டுக்குப் போகிற ரகம். சின்னது, புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கானது. வருகிறவர்கள் எல்லாரும் சின்னதைத்தான் எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே மெமரி கார்டு இல்லாததால் பார்த்த முகம் எதுவும் அதனிடம் தங்கியதே இல்லை.

“ஒரே ஒரு முகமாவது என்கிட்ட இருக்கணும் அண்ணே,” என்றது சின்னது.

“உன்னைத் தொட்டுப் பார்ப்பாங்க, என்னைத்தான் வாங்குவாங்க. ரொம்ப ஆசைப்படாதே தம்பி,” என்றது பெரியது.

அன்றைக்குப் பூவரசி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். முதலில் பெரியதைத்தான் ஒரு கையால் தூக்கினாள். மணிக்கட்டு அப்படியே சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடிக்கலாம் என்றால் பிள்ளை இறங்க மாட்டேன் என்கிறது.

“ஏற்கெனவே ஒரு குண்டு இடுப்பில இருக்கு,” என்று சிரித்துக்கொண்டே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சின்னது ஒரு கைக்குள் அடங்கியது. பிள்ளை அதன் வாரை இழுத்து வாயில் வைத்துச் சப்பியது.

“இதையே கொடுங்கண்ணே. கார்டும் போட்டுடுங்க.”

“எச்சில் பட்டா முகம் சுளிக்காதேடா தம்பி,” என்று பெரியது மெதுவாகச் சொன்னது.

கார்டு போட்டதும் பூவரசி கையை எட்டி நீட்டிப் பிள்ளையைப் படம் எடுத்தாள். பிள்ளை லென்ஸைப் பிடிக்கப் பாய்ந்தது. படத்தில் ஒரு மூக்கும் இரண்டு பல்லும்தான் விழுந்தன, அதுவும் கலங்கலாக.

“அழிச்சிடட்டுமா?” என்றார் கடைக்காரர்.

“ஐயோ, வேண்டாம்!” என்றாள் பூவரசி.

அதே நேரத்தில் சின்னதும் அப்படியேதான் கத்தியது. அது பெரியதுக்கு மட்டும் கேட்டது.