எதிர்வீட்டு அக்கா

தூத்துக்குடியிலிருந்து மும்பைக்கு வேலைக்கு வந்த இசக்கிராணி தனியாளாக வீடு தேடினாள். காலையில் சொன்ன வாடகை சாயங்காலத்துக்குள் ஏறிவிடும்.

சயானில் புரோக்கர் ஒரு வீட்டைக் காட்டியபோது, எதிர்வீட்டுக் கதவைத் திறந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் இட்லி மாவு.

"இது வேண்டாம் பிள்ள. கீழ நிக்கிற பயலுவ சரியில்ல" என்றாள்.

மறுநாள் தேவ்நாரில் வேறொரு வீடு. எதிர்க்கதவைத் திறந்து பார்த்ததும் அதே அக்காதான். "மாடிப்படில லைட்டே கெடையாதுட்டி" என்றாள். நீங்கள் எப்படி இங்கே என்று ராணி கேட்பதற்குள், அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே ஓடிவிட்டாள்.

மூன்றாவதாகப் பார்த்த சுனாபட்டி வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதல். அங்கேயும் எதிர்வாசலில் அக்கா நின்று சிரித்தாள். "இத எடுத்துக்கோ. சுத்தி எல்லாம் தங்கமான ஆளுவ."

குடிவந்த அன்று ராணி லட்டோடு எதிர்வீட்டைத் தட்டினாள். வெகுகாலமாக அங்கே வசிக்கும் மராத்திக்காரத் தம்பதி வந்தார்கள். அக்காவைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒரு பெண்ணை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் ராணியை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

போன வாரம், கூட வேலை பார்க்கும் மகேஸ்வரி செம்பூரில் வீடு பார்க்கப் போன இடத்திலிருந்து போன் செய்தாள்.

"ஏட்டி, எதிர்வீட்டு அக்கா இந்த வீடு வேண்டாங்காவ. உன்ன நல்லாத் தெரியுமாமே. ராணி நேரத்துக்குச் சாப்பிடுதாளான்னு கேக்காவ."

அந்த அக்காவிடம் ராணி தன் பெயரைச் சொன்னதே இல்லை.

"சாப்பிடுதேன்னு சொல்லுட்டி" என்றாள்.