கொஞ்சம் போதாது

பெயின்ட் வாசனை இன்னும் போகாத தையல்கடைக்குள் காலை வெயில் நுழைந்து, இரண்டு புது மெஷின்களின் மேல் பளபளக்கிறது. கடையை ஜெபித்துத் திறந்துவைக்க வந்த போதகர் கண்ணை மூடியபடி, “கொஞ்சமே கிடைத்தாலும் போதுமென்ற மனதை உம்முடைய மகளுக்குத் தாரும், ஆண்டவரே” என்று முடிக்கிறார். எல்லோரும் ஆமென் சொல்கிறார்கள். கடைக்காரி மட்டும் சொல்லவில்லை. அவள் கண் எதிரே நிற்கும் ஆறு பெண்கள் மேல் இருக்கிறது. மூடிப்போன ஆடைத் தொழிற்சாலையில் அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்தவர்கள். இப்போது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டே மெஷின்களில் யாருக்கு இடம் என்று பார்க்கிறார்கள். “மன்னிக்கணும் ஐயா, கொஞ்சம் போதும்னு நீங்களா பேரத்தை முடிச்சிடாதீங்க” என்கிறாள். கணவன் அவள் முந்தானையை இழுக்கிறான். “ஏய், ஜெபத்துலயுமா பேரம்?” “அள்ளிக் கொடுக்கிறவர்கிட்ட கிள்ளிக் கேட்டா அவருக்குத்தாங்க அவமானம்!” சொல்லிவிட்டு முழங்காலிடுகிறாள். துணி வியாபாரிகளைப் பேரத்தில் மடக்கும் அதே குரல்தான். “ஆண்டவரே, எனக்குப் பெரிய கடை வேணும். ஆசைதான், மறைக்கல. இந்த ஆறு பேரும் உட்கார்ந்து தைக்கிற அளவுக்கு வேணும். இவங்களை மறக்கடிக்கிற ஆசை வந்தா மட்டும் அதை நீரே கத்தரிச்சுப் போட்டுடும்.” போதகரின் தோள்கள் சிரிப்பில் குலுங்குகின்றன. “சரிம்மா, என் ஜெபத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.” அடுத்து எழும் ஆமெனில் ஷட்டர் தகரம் அதிர, தெருவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். கடைக்காரி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாகக் கிடக்கும் சுவரோரத்தை முழம் போட்டு அளக்கத் தொடங்குகிறாள்.