பதின்மூன்றாவது வீடு

காஜா பெராங் சந்தில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வெயிலில் வெளுத்துத் தொங்குகின்றன. குடியுரிமை பதிய வந்த ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, அந்தச் சந்தில் குடியிருக்கும் மருதமுத்து வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தே வீடு வீடாக ஏறி இறங்குகிறார். ரோட்டிலிருந்து பார்த்தால் இப்படியொரு சந்து இருப்பதே தெரியாது. படம் போன பிறகுதான் ஆபீஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது. கிராணி பையை மூடுகிறார். "பன்னெண்டு வீடும் முடிஞ்சிருச்சுண்ணே. படத்தப் பாத்து எண்ணிக் கொண்டாந்த ஃபாரமும் தீந்துபோச்சு. பதிவு இன்னியோட கடைசி." "அப்ப நம்ம வீடுங்க?" மருதமுத்துவின் மனைவி அஞ்சலை கேட்கிறாள். கிராணி படத்தை நீட்டுகிறார். மருதமுத்துவின் விரல் பென்சில் கோடுகளின்மேல் ஊர்கிறது. எதிர்வீடு இருக்கிறது, குழாயடி இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழிக்கூடுகூட இருக்கிறது. தன் வாசல்படியில் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தவர் அவர். முதுகுக்குப் பின்னால் இருந்த சொந்த வீடு மட்டும் தாளில் வெறும் வெள்ளையாக இருக்கிறது.