கையுறைக்குள் ஈரம்

"இன்னைக்கும் வேர்த்து ஊத்தியிருக்கே, பாப்பா!"

மகளின் குத்துச்சண்டைக் கையுறைகளுக்குள் துணியை விட்டுத் துடைத்தார் அப்பா.

"விடுங்கப்பா, நானே வெயில்ல வைக்கிறேன்."

"வெயில்ல வச்சா தோல் வெடிச்சிடும். துடைக்காம விட்டா, எதிர்ல நிக்கிறவ உன் குத்துல விழமாட்டா, நாத்தத்துல விழுவா."

அவள் சிரித்தாள். அப்புறம்தான் உறைத்தது.

கண்ணில் பட்ட அடிக்குப் பிறகு, மறுபடி குத்து வாங்கினால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. அப்பாவிடம் சொல்ல வாய் வராமல், பயிற்சிக்கென்று கிளம்பித் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். திரும்பும்போது தெருக்குழாயில் கையுறைக்குள் தண்ணீர் தெளித்துக்கொள்வாள். இன்று மறந்துவிட்டாள்.

அவர் துடைத்துவிட்டுக் கீழே வைத்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். துளி ஈரமில்லை.

அப்பா தலை நிமிராமல், செய்தித்தாளைச் சுருட்டிக் கையுறைக்குள் திணித்தார்.

"கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டியா?" என்றார்.