மொட்டைக் கடிதத்தில் மயிரிழை

மொட்டைக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் வரிவரியாக மேய்ந்தார் மயிரிழை. பதிப்பகத்தில் பக்கம் அமைப்பவர். எழுத்துக்கு எழுத்து மயிரிழை இடைவெளி பார்த்தே அந்தப் பெயர் வந்தது. ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம்.

“எழுதினவன் யாருன்னு கண்டுபிடிய்யா. இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்,” என்றார் மேனேஜர். அவரைப் பற்றி மேலிடத்துக்குப் போன கடிதம், விளக்கம் கேட்டு அவரிடமே திரும்பி வந்திருந்தது.

நான்கு தாள்களில் கடைசித் தாளை மட்டும் யாருக்கும் காட்டாமல் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார். “அது என் தலையைப் பத்தினது. ஆபீஸ் பூரா சிரிக்க வேண்டாம்.” சொல்லும்போதே, புயலடித்தாலும் கலையாத தன் வகிட்டைத் தொட்டுக்கொண்டார்.

“நம்ம ஆபீஸ் ஃபான்ட்தான் சார். பதினெட்டு கம்ப்யூட்டர்லயும் இருக்கு. ஆனா அடிச்சவன் சுத்த ஞானசூன்யம்,” என்றார் மயிரிழை. “நீங்க மீட்டிங்ல தூங்கின தேதியெல்லாம் பட்டியல் போட்டிருக்கான். ஒண்ணு ஒல்லி, எட்டு குண்டு, எதுவும் நேரா நிக்கல. எல்லா நம்பரும் ஒரே அகலத்துல வர்றதுக்கு ஃபான்ட்லயே வசதி இருக்கு. ஒரு டிக் அடிச்சா போதும்.”

“நான் தூங்கின கணக்கு சரியா இருக்கா?”

“அதை விடுங்க சார். ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் போட்டிருக்கான் பாருங்க. ஒண்ணு, ஒண்ணு, சாய்கோடு, ரெண்டு. பார்க்கிறவன் பதினொண்ணுன்னுல்ல படிப்பான்? பின்னமாச் சேர்க்கவும் ஒரு டிக்தான்.”

“பெருசா அலட்டிக்காத. நீ அமைச்சா மட்டும் தங்கமா மின்னிடுமா?”

மயிரிழைக்குச் சுருக்கென்றது. “காட்டுறேன் சார்,” என்று மூன்று தாள்களையும் அள்ளிக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தார். ஒரு டிக். இன்னொரு டிக். அரித்த இடத்தைச் சொறிந்ததுபோல் அப்படியொரு சுகம்.

மேனேஜர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அச்சடித்த தாள்கள் மேசைக்கு வந்தன. எண்கள் வரிசை பிசகாமல் நின்றன. பின்னங்கள் கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ‘லை’ ஒவ்வொன்றும் பழைய எழுத்துமுறையின் யானைத் துதிக்கைக் கொம்பைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நின்றது. மயிரிழை கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தார்.

மேனேஜர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நாலாவது தாளுக்கு வந்ததும் அவர் கை தானாக வகிட்டுக்குப் போனது.

“பிரமாதம்யா. ஆனா நாலாவது பக்கம் என் டிராயர்லதானே இருக்கு?”