இலவச மாத்திரை

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையும் அவன் தாயாரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் நாற்காலியில் தணிகாசலம். சமையலறை வாசலில் அவர் மகள் பூங்கோதை காபித் தட்டோடு நின்றாள்.

"நகை உங்க இஷ்டங்க," என்றாள் தாயார்.

"வலிப்பா? அமைதின் மாத்திரை சாப்பிடுங்கள். என்னைப் போல நலமாக வாழுங்கள்," என்றார் தணிகாசலம். உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "இப்பப் பேசினது நான் இல்லைங்க," என்றார்.

அவர் சாப்பிடும் இலவச மாத்திரை அப்படித்தான். வலிப்பை நிறுத்தும், காசுக்குப் பதிலாக, நினைத்த நேரத்தில் அவர் வாயாலேயே தனக்கு விளம்பரம் செய்துகொள்ளும்.

மறைத்த நோய் தெரிந்ததும் வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசலில் தாயார் மட்டும் பூங்கோதையிடம் கிசுகிசுத்தாள்: "என் சின்னப் பையனுக்கும் வலிப்பு இருக்கும்மா. அந்த மாத்திரை நிஜமாவே கேக்குதான்னு எழுதிப் போடேன்."

பூங்கோதை அன்றே எழுதினாள்: "வலிப்பு நின்றது நிஜம். இலவசமாகத் தருவதை மட்டும் வாங்காதீர்கள் அம்மா, காசு கொடுத்து வாங்கும் மாத்திரை பேசாது. உங்கள் சின்னப் பையனுக்கும் நாளைக்குப் பெண் பார்க்கப் போவீர்களே."

உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டாள்.